கதிர்காம நடையும் மறுநாள் காலையும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எமது கரையோர வீதியில் காவி வேட்டிகளும் மஞ்சள் சேலைகளும் தென்படத் தொடங்கிவிடும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை ஊடாக வரும் கதிர்காம யாத்திரிகர்கள் சித்தாண்டியிலும் மாமாங்கத்திலும் தங்கி, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில், பொத்துவில் கடந்து உகந்தைக்குப் போய்ச் சேருவார்கள். அங்கே காட்டு வாசல் திறக்கும் நாளுக்குக் காத்திருந்து, அதன்பின் ஐந்தாறு நாள் காட்டு நடை. முழு வழியையும் நடப்பவருக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும். எமது பகுதியில் சேர்ந்துகொள்பவருக்கும் இரண்டு மூன்று கிழமை.

அண்மைக் காலமாக எமது கிராமச் சங்கக் கூட்டங்களில் இந்த நடையைப்பற்றி வேறொரு பேச்சும் கேட்கிறது. "இந்த முறை நடந்தெண்டாலும் குடிய விடப்போறன்" என்கிறார் ஒருவர். "நடந்து வந்தா சீனி வருத்தம் போயிரும்" என்கிறார் இன்னொருவர். வருடம் முழுவதும் கெடுத்துக்கொண்ட உடம்பை ஒரே ஒரு கடும் பயணத்தால் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை எம்மவரிடையே பரவி வருகிறது. இதைச் சிரித்துத் தள்ளுவோரும் எம்மிடையே உண்டு. நாம் அவர்களோடு சேரவில்லை. ஆனால் நம்புவோரோடும் முழுமையாகச் சேர முடியவில்லை. நேர்த்தி என்பது நடப்பவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விடயம். அதற்குள் நாம் நுழையப்போவதில்லை. நடப்பவரின் உடம்பைப்பற்றியும், அவர் திரும்பி வருகின்ற வீட்டைப்பற்றியும் மட்டும் இங்கு பேசுவோம்.

முதலில், இந்த உடம்பு எப்படி இந்நிலைக்கு வந்தது? 1990இல் ஒரு தரம், 2004 கடல்கோளில் ஒரு தரம், 2006, 2007இல் மீண்டும் ஒரு தரம் என்று பாயும் பெட்டியுமாக ஓடியவர்கள் நாம். முகாமில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று பங்கிட்டார்கள். உயிர் காத்த உணவு அது. அதைக் குறைகூற எமக்கு வாய் வராது. ஆனாலும் காலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி, இடையிடையே சீனி கூடிய தேநீர், நாள் முழுவதும் கூடாரத்து நிழல். விடிந்தால் வட்டைக்குப் போன மனிதன் விடிந்தால் வரிசைக்குப் போனான். ஊர் திரும்பியபோது சிலருக்குக் காணி இருந்தது, மாடு இல்லை. சிலருக்கு மாடு இருந்தது, மேய்ச்சல் தரை இல்லை. அந்தக் குறைக்காகச் சித்தாண்டி வீதியோரத்தில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். இன்னும் சிலருக்குத் திரும்புவதற்கே இடமில்லை. வேலையற்ற பகலைக் கசிப்பு நிரப்பியது.

இந்தக் குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. எமது அலுவலகம் நடத்திய எத்தனை கருத்தரங்குகளில் விவசாயிகளை நாற்காலியில் காலை முதல் மாலை வரை இருத்தி வைத்து, பிஸ்கற்றும் சீனித் தேநீரும் கொடுத்து அனுப்பினோம்! அவற்றில் சில சுகாதாரக் கருத்தரங்குகள்.

2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்குக் குறையாமல் நீரிழிவு இருப்பதைக் காட்டியது. ஒருகாலத்தில் இது நகரத்து முதலாளிமாரின் வருத்தம் என்று நினைத்திருந்தோம். இன்று படுவான்கரைக் கிராமத்துக் கிளினிக் வரிசையில் நிற்பவர்கள் மண்வெட்டி பிடித்துக் கை காய்த்தவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடு பூட்டி உழுத காலத்தில் ஒரு சாலின் அகலம் எட்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரை ஒரு தரம் உழுது முடிக்க உழவன் கலப்பையின் பின்னால் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் நடக்க வேண்டும். அதுவும் சேற்றில். மறுத்து உழுதால் இன்னும் 20. இரண்டு ஏக்கர் செய்தவன் விதைக்கு முன்னரே 80 கிலோமீற்றர் நடந்துவிட்டான். வரம்பு கட்டல், களை பிடுங்கல், இரவில் பரணில் யானைக் காவல், வெட்டு, கட்டுச் சுமத்தல், சூடடித்தல் எல்லாம் இதற்கு வெளியே. எமது பாட்டன்மார் எவரும் இதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்ததை நாம் குறைசொல்லமாட்டோம். முதுகு ஒடிந்த வேலை அது. எனினும், அந்த நடை எமது வாழ்க்கையிலிருந்து போனபோது அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த 20 கிலோமீற்றர் கணக்கு எமக்குச் சென்னையில் ஒருவரை நினைவூட்டுகிறது. மா. சுப்பிரமணியன் என்பவர் 2006 முதல் 2011 வரை அந்நகரின் மேயராக இருந்தவர். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரானவர். 2004இல் வீதி விபத்தொன்றில் அவரது முழங்கால் நொறுங்கியது. இனிச் சம்மணமிட்டு இருக்கவும் கடினம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். நீரிழிவும் இருந்தது. அவர் முதலில் நடந்தார். யோகாசனம் பழகினார். பிறகு மெல்ல ஓடினார். ஐம்பது வயது கடந்த பின் 21 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அரை மரதன் ஓட்டங்களில் இறங்கி, நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஓடி முடித்தார். அதாவது, எமது கணக்கில், ஓர் ஏக்கர் உழவு. விபத்துக்கும் முதல் அரை மரதனுக்கும் இடையில் ஏறத்தாழப் பத்து வருடம் கிடந்தது என்பதைத்தான் நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். பத்திரிகைகள் நூறாவது ஓட்டத்தைப் படம் பிடித்தன. அதற்கு முந்திய விடியற்காலை நடைகளைப் படம் பிடிக்க யாரும் போகவில்லை.

இன்னொருவர் எம்மைப்போல் வேளாண்மைக்காரர். பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் அருகே பியாஸ் கிராமத்துப் பௌஜா சிங். சிறுவயதில் கால்கள் மிக மெலிந்து ஐந்து வயது வரை நடக்கவே இல்லை. பின்னர் உழவனாக வாழ்ந்து முதுமையடைந்தார். 1994இல் மகனைக் கண்முன்னே விபத்தில் பறிகொடுத்தார். மனைவி அதற்கு முன்னரே இறந்திருந்தார். வயலையும் ஊரையும் விட்டு லண்டனில் இன்னொரு மகன் வீட்டுக்குப் போனார். மொழி தெரியாத ஊரில், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல், துக்கத்தோடு இருந்த அந்தக் கிழவர் வெளியே இறங்கி நடந்தார், பிறகு ஓடினார். 2000ஆம் ஆண்டில் தமது 89ஆவது வயதில் லண்டன் மரதனின் 42 கிலோமீற்றரை ஓடி முடித்தார். 2011இல் ரொறன்ரோவில் நூறு வயதில் மீண்டும் ஓடினார். எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எடுத்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அதைப் பதியவில்லை. சான்றிதழ் இல்லாமல் கச்சேரி கச்சேரியாக அலைந்த எமக்கு இது புதுக் கதை அல்ல. 2025 யூலையில் சொந்த ஊரில் வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார்.

மண்ணை விட்டுப் போன ஒரு விவசாயியின் துக்கம் எதுவென்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவருக்கு ஓட்டம் மருந்தாக இருந்தது. ஆனால் அவரது உடம்பு எண்பது வயது வரை வயலில் பழகிய உடம்பு என்பதையும், உடனிருந்து பயிற்றுவிக்க ஒருவர் இருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கடும் சாதனை வேறு, உடல் நலம் வேறு என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இந்தியாவுக்கும் திரும்ப இலங்கைக்குமாக நீந்தினார். 1979இல் கொழும்பில் 187 மணித்தியாலங்களுக்கு மேல் சைக்கிளோடினார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அக்கடலே அவரைக் கொண்டுபோயிற்று. பயிற்சியும் மனத்திடமும் அவரைப்போல் உள்ளவர் எம்மில் எவர்?

இனி எமது நடைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் எமது பணியாளர் மூவரும் கிராமத்தவர் பதினொருவரும் உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கினோம். கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போனோம். எம்மிடம் விலையுயர்ந்த சப்பாத்துகள் இருந்தன. முதலில் கால் கொப்புளித்ததும் எமக்குத்தான். நடையில் எல்லோருக்கும் ஒரே பெயர், "சாமி". வங்கி முகாமையாளரும் சாமி, முந்திய மாதம் வரை ஊரார் வெறிகாரன் என்று கூப்பிட்டவரும் சாமி. விடிவதற்கு வெகு முன்னர் எழுந்து நடக்க வேண்டும். வெயில் ஏறினால் மணல் சுடும். மச்சம் மாமிசம் இல்லை, சாராயம் இல்லை. காட்டுக்குள் தவறணை இல்லை என்பதை ஒரு சிறிய விடயமாக எண்ணாதீர்கள். சுமந்து போன அரிசியில் கஞ்சி, இருட்டினால் நித்திரை. மூன்றாம் நாள் இரவு, குடிப்பவர் என்று நாம் நன்கறிந்த ஒருவர், பல வருடங்களுக்குப் பின் கனவில்லாமல் உறங்கியதாகச் சொன்னார்.

அவரோடு நடந்த முதியவர் ஒருவர் சொன்னதும் நினைவிருக்கிறது. "வாகரையில இருந்து வந்ததும் நடைதான் தம்பி. பின்னால செல் விழ விழ வந்த நடை. எங்க போறமெண்டு தெரியா. இது நானாப் பாத்து நடக்கிற நடை." 2006 முடிவிலும் 2007 தொடக்கத்திலும் காட்டு வழியாகவும் வாவி வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நடையில் அவர் தாயாரைத் தூக்கி வந்தார். துரத்தப்பட்டு நடந்த கால்கள், பின்னொரு நாள் தாமாகவே ஓர் இடத்தைக் குறித்து அங்கு போய்ச் சேரும்போது மனிதனுக்குள் ஏதோ நிமிர்கிறது. இதை நாம் கண்ணால் கண்டோம். ஆகவேதான் இந்த நடையைச் சிரித்துத் தள்ளுவோரோடு எமக்கு உடன்பாடில்லை.

உடம்புக்குள் நடப்பதும் உண்மையான மாற்றமே. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியைத் தாமே இழுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாதவருக்கும் இது நடக்கும். ஆனால் அதன் பலன் ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடும். மறுபடி நடந்தால் மறுபடி கிடைக்கும். மூன்று கிழமை நடந்துவிட்டு மிகுதி நாற்பத்தொன்பது கிழமையும் திண்ணையில் இருந்தால், ஆடி மாதச் சீனி புரட்டாதியில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

இனி ஆபத்துகள். மறைக்காமல் சொல்ல வேண்டியவை இவை. எம்மோடு நடந்தவர்களில் ஒருவர் செருப்பில்லாமல் நடந்தார். மற்றவர்கள் துள்ளித் துள்ளி மரநிழலுக்கு ஓடிய மணலில் அவர் அமைதியாக நடந்தார். மணல் சுடவில்லை, முருகன் அருள் என்றார். நாமும் வியந்து பார்த்தோம். அவருக்குப் பன்னிரண்டு வருடச் சலரோகம். பாதத்து நரம்புகள் செத்திருந்தன என்பது எமக்கு அப்போது தெரியாது. வீடு வந்து இரண்டு கிழமையில் காலில் புண், பிறகு பெருவிரலை எடுத்தார்கள். நீரிழிவுள்ளவர் செருப்போடு நடந்தால் எந்தத் தெய்வமும் கோபிக்காது என்று கோயில் தர்மகர்த்தாமார் ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொன்னால், நாம் அச்சடிக்கும் நூறு துண்டுப் பிரசுரத்தைவிட அது பெரிது. மாலையில் தங்கியதும் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்க வேண்டும். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம்.

குளிசையும் அப்படித்தான். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளையும் இன்சுலினையும் வழமையான அளவில் எடுத்துக்கொண்டு, விரதமும் இருந்து, நாள் முழுவதும் நடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். பக்தி மயக்கம் என்று பக்கத்தில் உள்ளவர்கள் கைகூப்புவார்கள். அவருக்கு அந்நேரம் வேண்டியது சீனி கரைத்த தண்ணீர். அதற்காகக் குளிசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதும் பிழை. புறப்பட ஒரு மாதம் முன்னரே கிளினிக் வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மூட்டு நோவுக்கு வாங்கிய மாத்திரைகளை, தண்ணீர் குறைந்த உடம்போடு நாளுக்கு மூன்று நாலு என்று விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகும். சலம் தேநீர்ச் சாயம்போலப் போனால் அத்துடன் நடையை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் கூடாது. உப்புப் போட்ட கஞ்சி நல்லது என்பதை எமது ஆச்சிமார் எவரிடமும் கேட்காமலே அறிந்திருந்தனர்.

நாள்தோறும் குடித்த ஒருவர் நடைக்காக ஒரே நாளில் நிறுத்துவதைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு வலிப்பு வரும். உயிரும் போகலாம். அது உகந்தைக்கு அப்பால், வாகனம் வராத இடத்தில் நடந்தால் என்ன செய்வது? வீட்டிலிருக்கும்போதே, வைத்தியரின் உதவியோடு நிறுத்திவிட்டு, தெளிந்த உடம்போடு நடைக்கு வரட்டும்.

இத்தனையும் கடந்து கதிர்காமம் போய் மாணிக்க கங்கையில் முழுகியவர் திரும்புவது பஸ்ஸில். கனவில்லாமல் உறங்கினேன் என்று சொன்ன அந்த மனிதர், வழியில் பஸ் நின்ற இடத்தில் "ஒரே ஒண்டு" என்று இறங்கினார். வீட்டுக்கு வரும்போது அவரை இருவர் பிடித்து வந்தார்கள். நாமும் அதே பஸ்ஸில்தான் இருந்தோம். நடைக்கு வழியனுப்பத் தேங்காய் உடைத்த ஊர், திரும்பி வருபவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. நாமும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளின் பின் அவருடைய மனைவியைக் கிணற்றடியில் கண்டோம். "பாருங்க தம்பி, கதிர்காமத்துக்கு நடந்தவருக்கு நாலு கட்டை தூரத்தில கிடக்கிற வயலுக்கு நடக்க ஏலாதாம். மோட்டார் சைக்கிள் கேக்கிறார்" என்றார். அந்தப் பெண் அந்த மூன்று கிழமையும் கைக்குழந்தையோடு கூலிக்கு நாற்று நட்டவர். எவரும் அவரைச் சாமி என்று கூப்பிடவில்லை.

அந்தக் கிணற்றடிப் பேச்சே எம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது. நடையை ஆரம்பமாக வையுங்கள் என்று எமது சங்கங்களைக் கேட்கிறோம். ஒன்றாக நடந்தவர்கள் ஊர் திரும்பியதும் கலைந்து போகாமல், மறுநாள் காலை அதே நேரத்தில், அதே "சாமி" என்ற அழைப்போடு ஒரு மணித்தியாலம் நடக்கட்டும். வயல் உள்ளவர் வயலுக்கு நடக்கட்டும். இல்லாதவர் குளக்கட்டிலே நடக்கட்டும். கோயில் சபைகளும் கிளினிக்குகளும் வைகாசி மாதத்திலேயே சேர்ந்து நடப்பவர்களைப் பரிசோதிக்கட்டும். எமது பங்குக்கு வாகனமும் பணியாளரும் தருவோம். சீனித் தேநீரை நாம் நிறுத்திவிட்டோம், முணுமுணுப்புகள் இருந்தாலும். காணிப் பிரச்சினை தீராமல் இந்த உடம்புப் பிரச்சினை முழுவதும் தீராது என்பதும் எமக்குத் தெரியும். இருபது ஏக்கர் வட்டையில் வேலை செய்த ஒருவரைப் பத்துப் பேர்ச் முற்றத்தில் உலாவச் சொல்லி நோயை விரட்ட முடியாது. அந்தக் கோரிக்கையைக் கச்சேரியிலும் மேடையிலும் தொடர்ந்து வைப்போம். அதுவரை உடம்பு காத்திருக்காது.

அந்த மனிதர் மறுவருடமும் நடந்தார், மறுபடி விழுந்தார். அதற்கடுத்த வருடம் வைத்தியசாலையில் பத்து நாள் தங்கிக் குடியை நிறுத்தினார். பிறகு கூட நடந்த இருவர் தினமும் அதிகாலை நாலரைக்கு அவர் வாசலில் வந்து நின்றார்கள். வராத நாளில் படலையைத் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெருவிரல் இழந்தவர், இப்போது செருப்போடு. மோட்டார் சைக்கிள் இன்னமும் வாங்கப்படவில்லை. ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சிறுபோகம் செய்திருக்கிறார். அவருடைய கிளினிக் கொப்பியை எமக்கு விரித்துக் காட்டினார், இலக்கங்கள் இறங்கியிருக்கின்றன, ஒரு மாதம் மட்டும் ஏறியிருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு மாதம் அது என்றார் மனைவி.

இம்முறை யாத்திரிகர்கள் எமது வீதியால் போனபோது, ஏன் சாமி வரவில்லை என்று அவரைக் கேட்டோம். வெள்ளாமை பால் பிடிக்கிற நேரம், ராவையில் யானை வருகிறது, காவலுக்கு ஆளில்லை என்றார். யாத்திரிகர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்கு முன் வட்டையை நோக்கி நடந்தார்.